பழைய பைபர் படகு வாங்க குழுக் கடனா?

2004 சுனாமிக்குப் பிறகு, நொச்சிக்குப்பம் ஆகட்டும், ஊரூர் குப்பம் ஆகட்டும், கட்டுமரம் குறைந்து பைபர் படகுதான் அதிகம். அப்போது தமிழகக் கரையெங்கும் அவசரத்தில் கட்டிய படகுகளில் தரமில்லாதவையும் இருந்தன. ஆகவே பழைய படகு விலைக்கு வந்தால், “அது ஆம்பளைங்க சமாச்சாரம்”னு ஒதுங்காதீங்க. தவணை கட்டப்போறது நாமதான்.

கட்டுமரம் கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும், பிடிச்சுக்கலாம். பைபர் அப்படியில்லை. உள்ளே தண்ணீர் நிறைந்தால் தானாக மிதக்காது. அதனால்தான் அடைத்த பெட்டிகளில் தெர்மோகோல் போன்ற மிதவைப் பொருள் வைக்கிறார்கள். முதலில் அதைப் பாருங்கள். படகை ஆட்டும்போது பெட்டிக்குள் தண்ணீர் சலசலத்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தப் படகு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

நம் குப்பங்களில் படகை மணலில்தான் இழுத்து ஏற்றுகிறோம். அடிப்பக்கம் தேயும். மேல்பூச்சு போய் நார் தெரிந்தால் தண்ணீர் ஊறும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் ‘பொத்’தென்று மாறினால் அங்கே அடுக்கு விட்டிருக்கலாம். சின்னக் கீறலை ரெசின் பூசி சரிசெய்யலாம். இன்ஜின் மாட்டும் பின்பலகை அசைந்தால் உள்மரம் உளுத்திருக்கும், செலவு பெரிசு.

மீன்வளத் துறைப் பதிவு விற்பவர் பெயரில் உள்ளதா? பெயர் மாறும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீங்க.