கூட்டாஞ்சோற்றில் ஒரு சத்துக் கணக்கு

பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் கரைகளில் கார், பிசானம் என்னும் இரு பருவங்களிலும் நெல் விளைவதால், நெல்லை மக்களின் இலையில் சோறே நடுவிடம் பிடித்து, காயும் கீரையும் தொட்டுக்கொள்ளும் பொருளாக ஓரத்தில் நின்றுவிட்டன. அரிசியோடும் துவரம்பருப்போடும் கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய், முருங்கைக்கீரை ஆகியவற்றை ஒரே பானையில் வேகவைத்து, தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்துவிட்டு ஆக்கும் கூட்டாஞ்சோறு மட்டும் இதற்கு விலக்கு. அதில் காய் சோற்றுக்குத் துணையன்று, சோற்றின் பாதி.

ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் கீரை உட்பட 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் உண்ண வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் சேர்த்து 400 கிராமாவது வேண்டும் என்று சொல்வதோடு, மாவுச்சத்து மிகுந்த கிழங்குகளை அக்கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பொங்கலுக்கு விரும்பி உண்ணப்படும் சிறுகிழங்கு எவ்வளவு சுவையானதாயினும், காய்க்கு ஈடாகாது.

சோறு உண்போருக்குக் காய் ஏன் இன்றியமையாதது என்பதற்கு முதற்காரணம் நார்ச்சத்து. குடலில் செரிக்காமல் நிற்கும் இப்பொருள், சோற்றின் மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதால் கொலஸ்டிராலும் குறைகிறது. ஆற்றுப்படுகையில் விளையும் வாழையின் பழத்திலும் காயிலும் உள்ள பொட்டாசியம், உப்பிலிருந்து வரும் சோடியத்தைச் சிறுநீர் வழியே கழிக்கத் துணைசெய்து இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. சிறுநீரகம் பழுதுற்றோர் மட்டும் மருத்துவரைக் கேட்டே இவற்றை உண்ண வேண்டும்.

தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இரத்தசோகை காணப்படுவதால், கூட்டாஞ்சோற்றின் இரும்புச்சத்து இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. காம்பிலிருந்து உருவி, மஞ்சள் படிந்த சோற்றில் கரும்பச்சையாய் விரவும் முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு. எனினும் தாவர உணவிலுள்ள இரும்பை இறைச்சியிலுள்ளதைப் போலக் குடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. மாங்காயின் வைட்டமின் சி, அந்த இரும்பைக் குடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றித் தருகிறது. இந்த வைட்டமின் நெடுநேரக் கொதிப்பில் பெருமளவு அழிந்துவிடுமாதலால், மாங்காயைப் பிந்திச் சேர்ப்பதோ, இறக்கியபின் எலுமிச்சை பிழிவதோ நலம். தாளிக்கும் எண்ணெயும் வீணன்று. கீரையின் பீட்டா கரோட்டின், அதாவது உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் நிறமி, கொழுப்போடு சேர்ந்தாலே நன்கு உறிஞ்சப்படுகிறது.

ஆதலால் கூட்டாஞ்சோறு ஆக்கும் இல்லங்கள் அரிசியில் ஒரு பிடி குறைத்து, கீரையில் இரண்டு பிடி கூட்டுக. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடல் ஏற்கவிடாமல் தடுப்பதால், உண்ட கையோடு அதை அருந்தாமல் ஒரு மணி நேரமாவது பொறுத்திருக்க.