தூண்டில்காரரே, ஒரு நிமிஷம்!

ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலும் பைக்குமாக ஈ.சி.ஆர். ரோட்டில் கிளம்பிவிடும் ஆபீஸ் நண்பர்களே! கோவளம் பக்கம் பாறையோ கொடுவாவோ மாட்டினால் குழம்பு. ரம்பம் மாதிரி மூக்கு நீட்டிய வேளா மீன் மாட்டினால்?

'முதல்ல ஒரு போட்டோ' என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள் சார்! வேளாவும் திமிங்கலச் சுறாவும் 2001-லேயே புலியோடு ஒரே பட்டியலில் ஏறிவிட்டன. வேட்டையாடினால் குறைந்தது 3 வருஷம் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். தண்ணீரைவிட்டு வெளியே இழுக்காமல், முள்ளுக்குக் கிட்டத்தில் நூலை அறுத்துவிடுங்கள்.

நம்ம பத்திரிகைகளுக்கும் ஒரு வார்த்தை. 'ராட்சத மீன் சிக்கியது!' என்று கொட்டை எழுத்தில் போடுகிறோம். அதைப் பிடிக்கத் தடை என்று ஒரு வரி சேர்த்தால் மை தீர்ந்தா போய்விடும்? மைக் பாண்டே குஜராத் கடலோரத்தில் திமிங்கலச் சுறா வேட்டையைப் படமாக்கினார். படம் வெளிவந்தது 2000-ல். மறு வருஷமே தடை வந்தது! மீடியா நினைத்தால் நடக்கும்.

வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால்தான் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரே கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கியது. கடலுக்குள் இருக்கும் மீனுக்காக மனு கொடுக்க எந்த ஊர் வரும்? தூண்டில் பிடித்தவர்தான் அதற்கு ஊர், கலெக்டர் எல்லாம்.

மீறி போட்டோ போட்டால் முந்நூறு லைக் விழலாம். முந்நூற்று ஒன்றாவது ஆள் ஃபாரஸ்ட் ரேஞ்சராக இருக்கலாம்!