சூடேறும் பழைய மடிக்கணினிகள்: கைவிடுமுன் அளந்து பார்ப்போம்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அதுவரை கணினியே இல்லாதிருந்த பல வீடுகளுக்கும் மடிக்கணினி வந்து சேர்ந்தது. சிலர் கடன்பட்டு வாங்கினர். சிலருக்கு வெளிநாட்டு உறவினர் தாம் பாவித்ததை அனுப்பி வைத்தனர். இன்னும் பலர் பாவித்த பொருட்களை விற்கும் கடைகளை நாடினர். பின்னர் 2022 இல் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கும் மேலாகச் சென்றபோது, புதியதொன்றை வாங்கும் எண்ணம் பெரும்பாலான குடும்பங்களின் கைக்கு எட்டாததாகிவிட்டது. ஆகவே அன்று வந்த இயந்திரங்களே இன்றும் உயர்தர மாணவரின் செயற்றிட்டத்தையும், பட்டதாரியின் வேலை விண்ணப்பத்தையும், சிறு வியாபாரியின் கணக்கையும் சுமந்து கொண்டிருக்கின்றன.

இவற்றைப் பற்றிய முறைப்பாடுகள் எங்கும் ஒரேமாதிரியானவை. விசிறி இரைகின்றது; வேலை ஆமை வேகத்தில் நகர்கின்றது; சிலவேளை எச்சரிக்கை எதுவுமின்றி அணைந்தும் போகின்றது. "பழசாகிவிட்டது, இனி மாற்றத்தான் வேண்டும்" என்பதே கடைகளில் கிடைக்கும் வழமையான பதில். அல்லது விண்டோஸை அழித்து மீளப் பதிவதற்கு ஒரு தொகை கேட்கப்படும். ஆனால் இத்தகைய இயந்திரங்கள் பலவற்றின் நோய் முதுமையன்று, சூடு என்பதையும், அதனைப் பணச்செலவின்றி வீட்டிலேயே அளந்தறியலாம் என்பதையும் நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

சூட்டுக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பு எளிமையானது. மையச் செயலி தனது வெப்பநிலையைத் தானே அளந்து கொண்டிருக்கின்றது. மடிக்கணினிகளுக்கான இன்டெல் செயலிகள் பெரும்பாலானவற்றின் உச்ச எல்லை 100 முதல் 105 பாகை செல்சியஸ் ஆகும். அவ்வெல்லையை நெருங்கும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தனது வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றது. 2.4 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடவேண்டியது 1 கிகாஹேர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடலாம். பாவனையாளருக்கு இது மந்தமாகவே தெரிகின்றது. சூடு என்பது தெரிவதில்லை. வேகத்தைக் குறைத்தும் பயனில்லாதபோதுதான் இயந்திரம் முற்றாக அணைகின்றது. இந்நிலையில் விண்டோஸை எத்தனை தடவை மீளப் பதிந்தாலும் பலன் கிட்டாது.

எமது நாட்டின் காலநிலை இதனை மேலும் மோசமாக்குகின்றது. உள்ளிருக்கும் சிறு விசிறி அறையின் காற்றையே உறிஞ்சிச் செயலியைக் குளிர்விக்கின்றது. எனவே அறையின் வெப்பநிலை 9 பாகை உயர்ந்தால் செயலியின் வெப்பநிலையும் ஏறத்தாழ அதேயளவு உயரும். பல நிறுவனங்களின் கையேடுகள் 35 பாகைக்கு மேற்பட்ட சூழலில் மடிக்கணினியை இயக்கவேண்டாம் என்கின்றன. தகரக் கூரையின் கீழ் ஏப்ரல் மாதப் பிற்பகலிலோ, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கச்சான் காற்று வீசும் நாட்களிலோ அந்த எல்லை சர்வசாதாரணமாகக் கடக்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்துச் சோளகம் புழுதியைக் கொண்டுவருகின்றது. கரையோரத்து உப்புக்காற்று உலோகத்தை அரிக்கின்றது. வெள்ளிக்கிழமைகளில் தமிழர் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் எழும் சாம்பிராணிப் புகைகூட அளவுக்கு மிஞ்சினால் விசிறியின் இதழ்களில் பிசுக்காகப் படிந்து தூசியைப் பிடித்துவைக்கும். அதற்காகச் சாம்பிராணியை நிறுத்தச் சொல்லவில்லை. கணினியை அடுத்த அறையில் வைத்தாலே போதுமானது.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். கோர் டெம்ப், எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை உரிய தளங்களிலிருந்தே தரவிறக்க வேண்டும். முதலில் எந்த வேலையும் கொடுக்காது பத்து நிமிடம் விட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வழமையான பாட வீடியோ ஒன்றைக் கால்மணி நேரம் ஓடவிட்டு மீண்டும் குறிக்க வேண்டும். எமது சூழலில் ஓய்வு நிலையில் 45 முதல் 55 பாகை வரையும், வேலை செய்யும்போது 70 முதல் 85 பாகை வரையும் இருந்தால் அஞ்சவேண்டியதில்லை. ஒரு வீடியோவுக்கே 95 பாகையைத் தொட்டு, அதே கணத்தில் வேகமும் சரிந்தால் சூடே காரணம் எனக் கொள்ளலாம்.

இலக்கத்தை விட அது ஏறும் விதமே அதிகம் சொல்கின்றது. வேலை தொடங்கிய சில விநாடிகளிலேயே 95 பாகைக்குத் தாவினால், செயலிக்கும் அதன்மேல் அமர்ந்துள்ள செப்புத் தகட்டுக்கும் இடையிலான வெப்பப் பசை காய்ந்துவிட்டது எனப் பெரும்பாலும் கருதலாம். அப்போது வெளியேறும் காற்று அவ்வளவு சுடாது. மாறாக, பல நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறி, வெளிவரும் காற்று பலவீனமாகவும் சூடாகவும் இருந்தால், தூசி காற்றோட்டத்தை அடைத்துள்ளது. காற்றே வராவிடின் விசிறி பழுது. சூடு குறைவாக இருந்தும் வேகம் அடிமட்டத்திலேயே நின்றால் மின்னேற்றியைச் சந்தேகிக்க வேண்டும். தமது மின்னேற்றியை அடையாளங்காண முடியாதபோது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் மடிக்கணினிகளும் உள்ளன. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு திருத்துநரிடம் செல்பவரை ஏமாற்றுவது எளிதன்று.

தூசி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் துவாரங்களில் தங்குவதில்லை. விசிறிக்கும் அதன் முன்னுள்ள மெல்லிய தகடுகளுக்கும் இடையே கம்பளித் துண்டு போலப் படர்ந்திருக்கும். ஆகையால் வெளியிலிருந்து ஊதுவது அரைகுறை வைத்தியமே. இயந்திரத்தை அணைத்து, மின்னேற்றியைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, பற்றரியின் இணைப்பையும் நீக்கிய பின்னர் மென்மையான தூரிகையால் அகற்றுவதே முறை. ஊதும்போது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பசையை மாற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில சிப்புகளின் மேல் பசைக்குப் பதிலாகத் தடித்த மெத்தைத் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். அதை அகற்றிவிட்டுப் பசை பூசினால் இடைவெளி நிரம்பாது, சூடு முன்னரிலும் கூடும். தன்னம்பிக்கை இல்லாதோர் இவ்வேலையைத் திருத்துநரிடம் கொடுப்பதே நன்று. அது புதிய இயந்திரத்தின் விலையில் மிகச் சிறு பங்குதான்.

ஆனால் திருத்தும் இடங்களில் செய்யப்படும் ஒரு வேலையைப் பற்றி எச்சரிக்காதிருக்க முடியாது. திரையில் எதுவும் தோன்றாத பழைய மடிக்கணினியின் கிரஃபிக்ஸ் சிப்பைச் சூடான காற்றுத் துப்பாக்கியால் வாட்டி "உயிர்ப்பித்து"க் கொடுக்கின்றார்கள். இப்பழுதின் வரலாறு அறியத்தக்கது. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தனது மடிக்கணினி கிரஃபிக்ஸ் சிப்புகள் சில வழமைக்கு மாறாகப் பழுதடைவதை ஒப்புக்கொண்டு, அதற்கென 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்கியது. சிப்பைத் தாங்கும் பொருட்களில் இருந்த பலவீனம், மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிரும்போது வெடிப்பாக மாறியிருந்தது. இத்தகைய வெடிப்பை வெளியிலிருந்து வாட்டுவது தற்காலிகமாக ஒட்டவைக்குமேயன்றிக் குணப்படுத்தாது. சில வாரங்களில், பல சமயம் பரீட்சைக்கு முதல்நாள், அது மீண்டும் கண்ணை மூடிவிடும். அவ்வாறு செய்வதாயின் வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுச் செய்வதே நேர்மை.

திறக்காமலே செய்யக்கூடியவையும் உள்ளன. விண்டோஸின் மின்வலு அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 100 இலிருந்து 99 வீதமாக மாற்றினால், பல பழைய இயந்திரங்களில் செயலி தன் வழமை வேகத்தை மீறிப் பாயும் வசதி நின்றுவிடும். கட்டுரை எழுதுபவருக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. வெப்பநிலையோ நன்கு இறங்கும். கட்டிலிலும் தலையணையிலும் வைத்து இயக்குவதை நிறுத்திப் பின்பக்கத்தை ஒரு விரல் அளவு உயர்த்தி வைப்பதும் உதவும். மடியில் வைப்பதும் நன்றன்று. தினமும் பல மணிநேரம் மடியில் வைத்து விளையாடிய 12 வயதுச் சிறுவனின் தொடையில் தோல் நிறம் மாறியதை 2010 இல் சுவிற்சர்லாந்து மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

இறுதியாகப் பற்றரி. சூடும் முழு மின்னேற்றமும் சேர்ந்தே அதனை விரைவில் முதுமைப்படுத்துகின்றன. எந்நேரமும் மின்னேற்றியில் இணைத்துப் பாவிப்போர், மின்னேற்றத்தை 80 வீதத்தில் நிறுத்தும் வசதி தமது இயந்திரத்தில் உண்டா எனப் பார்க்க வேண்டும். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் சோனி தயாரித்த 41 இலட்சம் பற்றரிகளை மீளப் பெற்றது, அவை தீப்பற்றும் அபாயத்தினாலேயே. தொடுதட்டு மேலெழும்பினாலோ, அடிமூடி பிதுங்கினாலோ, கணினி மேசையில் சமமாக அமராவிட்டாலோ பற்றரி வீங்கியுள்ளது என ஐயுற வேண்டும். உடனே மின்னேற்றியைக் கழற்றி இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். வீங்கிய பற்றரியைக் குத்தவோ அழுத்தவோ குப்பையுடன் சேர்த்து எரிக்கவோ கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாத, எரியக்கூடிய பொருட்கள் இல்லாத இடத்தில் வைத்து, தாமதமின்றி அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு கழற்றுவிக்க வேண்டும்.