நீலத் தீயா, மஞ்சள் தீயா?

சாரல் தொடங்கியதும் தென்காசிப் பக்கத்து வீடுகளில் முதலில் நடக்கும் காரியம் என்ன தெரியுமா? ஜன்னலைச் சாத்துவதுதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து வரும். கூடவே தூறலும் வரும். செங்கோட்டை, குற்றாலம், இலஞ்சி, மேலகரம் என்று எங்கும் ஈரம். துவைத்த துணி காயாது. பொரித்த அப்பளம் நமத்துப்போகும். "ஏல, அந்த ஜன்னலைச் சாத்து, காத்து சில்லுன்னு அடிக்கு" என்பார் ஆச்சி.

படுக்கையறை ஜன்னலைச் சாத்தலாம், முன்னறை ஜன்னலையும் சாத்தலாம். அடுப்பு எரியும்போது அடுக்களை ஜன்னலை மட்டும் சாத்தக் கூடாது. ஏன் என்று தெரிய வேண்டுமானால், தீயின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கனடாவில் எரியும் மஞ்சள் தீ

குற்றாலத்தில் எவ்வளவு சாரல் அடித்தாலும் வீட்டைச் சூடாக்கத் தீ மூட்டுவதில்லை. ஊட்டியில், வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களில், சுவரோடு கட்டிய கணப்பு அடுப்பைப் பார்க்கலாம். அதில் விறகு எரிப்பார்கள், புகை கூண்டு வழியாக மேலே போகும். டொரொண்டோ போன்ற கனடா நகரங்களில் குளிர்காலத்தில் வெளியே உறைபனி கொட்டும். நம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழும் ஊர் அது. அங்கே பல வீடுகளில் கேஸில் எரியும் கணப்பு இருக்கிறது. முன்னால் கண்ணாடி, உள்ளே பீங்கானில் செய்த பொய் விறகுக் கட்டைகள். அவற்றின் நடுவே தீ மஞ்சளாக ஆடும். உங்கள் சித்தப்பாவோ மாமாவோ அங்கே இருந்தால் படம் அனுப்பியிருப்பார்.

அங்கே தீ மஞ்சளாக எரிந்தால் அழகு. நம் அடுப்பில் தீ மஞ்சளாக எரிந்தால் கோளாறு. இது எப்படி?

நீலம் எங்கிருந்து வருகிறது?

நம் சிவப்பு சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தி அடைத்திருப்பதால் உள்ளே அது திரவமாக இருக்கிறது. வெளியே வந்ததும் வாயுவாகி, ஏறக்குறைய 250 மடங்கு பெரிதாக விரிகிறது. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தோடு அது அப்படியே அடுப்புக்கு வந்தால் ஆபத்து. அதனால்தான் தலையில் ரெகுலேட்டர் மாட்டுகிறோம். அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அளவுக்கு அது குறைத்து அனுப்புகிறது.

அடுப்பின் குமிழைத் திருகியதும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையின் வழியாக கேஸ் பீய்ச்சிக்கொண்டு வருகிறது. அந்தத் துளைக்கு நாசில் என்று பெயர். நாசிலுக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கிறது. குழாயின் வாய்ப்பக்கம் காற்று நுழைய இடைவெளி விட்டிருப்பார்கள். செங்கோட்டை சாலையில் பஸ் வேகமாகப் போகும்போது ஓரத்துச் சருகுகள் அதன் பின்னால் இழுபட்டு ஓடுமே, அதுபோல வேகமாகப் பாயும் கேஸ், பக்கத்துக் காற்றையும் குழாய்க்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டும் கலந்து, பர்னரின் சிறுசிறு ஓட்டைகள் வழியாக வெளியே வந்து எரிகின்றன.

எரிப்பதற்கு முன்பே காற்றைக் கலந்துவிட வேண்டும் என்ற இந்த யோசனையில் உருவான பர்னரை ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 1855ஆம் ஆண்டு வாக்கில் ராபர்ட் புன்சன் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் புன்சன் பர்னர் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. வீட்டு அடுப்பு அதன் தம்பி.

போதுமான காற்று முன்பே கலந்திருந்தால் கேஸ் முழுவதும் எரிந்துவிடும். அப்போது தீ நீலமாக, நுனி கூராக, ஆடாமல் நிற்கும். பாத்திரத்தில் கரி பிடிக்காது.

14.2 கிலோ, 65 கிலோ ஆகும் கணக்கு

முழுவதும் எரிந்த கேஸ் எங்கே போகிறது? காணாமல் போவதில்லை. கேஸில் இருக்கும் கார்பன் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடு ஆகிறது. ஹைட்ரஜன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீர் ஆகிறது. ஆம், நெருப்பிலிருந்து தண்ணீர்!

நம்பிக்கை வரவில்லையா? குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தை அம்மாவோ அப்பாவோ அடுப்பில் வைக்கும்போது, சற்றுத் தள்ளி நின்று அதன் வெளிப்பக்கத்தைக் கவனியுங்கள். முதல் சில நொடிகளில் பாத்திரத்தின் புறம் வியர்த்துப்போகும். பாத்திரம் சூடானதும் அந்த ஈரம் மறைந்துவிடும். தீயில் உண்டான நீராவிதான் குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீர்த்துளியாகிறது.

இப்போது கணக்கைப் போடுவோம். வீட்டு சிலிண்டரில் இருக்கும் கேஸ் 14.2 கிலோ. அது முழுக்க எரிய ஏறக்குறைய 51 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். எரிந்து முடிந்ததும் சுமார் 43 கிலோ கார்பன் டை ஆக்ஸைடும் 22 கிலோ தண்ணீரும் கிடைக்கும். கூட்டிப் பாருங்கள், 65 கிலோ. சிலிண்டரிலிருந்து வந்த 14.2 கிலோ போக மீதி எல்லாம் காற்று கொடுத்தது.

அந்த 51 கிலோ ஆக்ஸிஜனைக் கொடுக்க சுமார் 220 கிலோ காற்று தேவை. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையில் இருக்கும் காற்றின் எடை 34 கிலோ அளவுதான். ஆக, ஒரு சிலிண்டர் காலியாவதற்குள் ஆறரை அறைக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அத்தனையையும் உங்கள் அடுப்பு தீர்த்துவிடுகிறது. புதுக் காற்று ஜன்னல் வழியாக வந்தபடி இருப்பதால்தான் நமக்கு அது தெரிவதில்லை.

சாரல் காலத்தில் துணி காய வேண்டும் என்று அடுப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. அது எவ்வளவு வீண் வேலை என்று இப்போது தெரிகிறதா? ஈரத்தைப் போக்கக் கொளுத்திய தீயே அறைக்குள் தண்ணீரைச் சேர்க்கிறது. அடுப்புக்கு மேலே கொடி கட்டினால் துணியில் தீப்பற்றும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

மஞ்சள் எப்படி வருகிறது?

காற்று போதாவிட்டால் கேஸின் கார்பன் முழுவதும் எரிய முடியாது. எரியாத கார்பன் மிக நுண்ணிய கரித்துகள்களாகத் திரண்டு, தீயின் சூட்டில் தகதகக்கும். அந்தத் தகதகப்புதான் மஞ்சள் ஒளி. மெழுகுவத்தியும் அகல்விளக்கும் ஒளி தருவது இதனால்தான். லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே உங்களைப் போன்ற சிறுவர்களுக்கு ஒரு மெழுகுவத்தியை வைத்தே ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். தீயின் வெளிச்சத்துக்குக் காரணம் அதற்குள் ஒளிரும் கரித்துகள்தான் என்று செய்து காட்டினார். அந்தத் துகள்கள் குளிர்ந்து பாத்திரத்தின் அடியில் ஒட்டினால் கரி.

கரி தேய்த்தால் போய்விடும். கூடவே உண்டாகும் இன்னொன்றுதான் பயப்பட வேண்டியது. காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவும் பிறக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு மரணம். கொடைக்கானல், ஊட்டி போன்ற மலையூர்களில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் இறந்துபோன செய்திகளைப் படித்திருப்பீர்கள். அவர்களைக் கொன்றது இந்த வாயுதான்.

அப்படியானால் கனடாக்காரர்கள் மட்டும் எப்படி மஞ்சள் தீக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்களுடைய கணப்புகளில் பலவற்றில் தீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வைத்து, அதைச் சுவர் வழியாக வெளியே விட்டிருப்பார்கள். உள்குழாயில் எரிந்த வாயு வெளியேறும். வெளிக்குழாயில் புதுக் காற்று உள்ளே வரும். வீட்டுக் காற்றைத் தீ தொடுவதே இல்லை. ஒரு சின்னத் தீச்சுடர் எப்போதும் எரிந்தபடி இரண்டு வேறு உலோகங்கள் சேரும் முனையைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் உண்டாகும் துளி மின்சாரம் கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் மின்சாரம் நிற்கும், வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறை ஆள் வந்து கழற்றித் துடைத்து, குழாய்க்குள் சிலந்தி வலை இருக்கிறதா என்றும் பார்ப்பார். டொரொண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், இத்தகைய கணப்பு உள்ள வீடுகளில் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி வைப்பது சட்டப்படி கட்டாயம்.

நம் அடுப்புக்குப் புகைக்குழாயும் இல்லை, கண்ணாடியும் இல்லை. பெரும்பாலானவற்றில் தானாக மூடும் வால்வும் இல்லை. நமக்கு இருப்பது நீலத் தீயும் திறந்த ஜன்னலும்தான்.

மஞ்சளாக எரிந்தால் யார் குற்றவாளி?

முதல் சந்தேகம் பர்னர் மேல். பொங்கிய பாலும் சிந்திய சாம்பாரும் ஓட்டைகளை அடைத்திருக்கும். அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, பெரியவர்கள் பித்தளை மூடியைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து மாட்ட வேண்டும்.

இரண்டாவது, காற்று நுழையும் குழாய். விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த வீட்டில், சிலந்தியோ பூச்சியோ அதற்குள் குடியேறியிருக்கும். அதையும் நாசிலையும் மெக்கானிக்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஊசியால் குத்தி நாசில் துளையைப் பெரிதாக்கிவிட்டால் கேஸ் அதிகமாகவும் காற்று குறைவாகவும் வந்து, தீ இன்னும் மஞ்சளாகும்.

மூன்றாவது, தீரப்போகும் சிலிண்டர். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரியில் கொதிக்கும். அதனால் புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகிறது, கடைசியில் பியூட்டேன் அதிகமாக மிஞ்சுகிறது. பியூட்டேன் எரிய இன்னும் அதிகக் காற்று வேண்டும். காற்று வரும் வழியோ அதே அளவுதான். "சிலிண்டர் முடியப் போகுது, தீ செவப்பா எரியுது பாரு" என்று அம்மா சொல்வது நல்ல அறிவியல்தான்.

நான்காவது ஆள் நிரபராதி. ரசம் பொங்கி வழியும்போது தீ சட்டென்று ஆரஞ்சு நிறத்தில் மின்னும். அது உப்பிலுள்ள சோடியம் காட்டும் நிறம். துடைத்துவிட்டால் சரியாகிவிடும்.

மூக்குக்கு வரும் செய்தி

இந்த கேஸுக்குச் சொந்த மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை அதில் மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். கனடா வீடுகளுக்குக் குழாயில் வரும் மீத்தேன் காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போகும். நம் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தரையோடு படர்ந்து, மூலையில் தேங்கி நிற்கும். அதனால்தான் சிலிண்டரைக் குழியிலோ மூடிய அலமாரியிலோ வைக்கக் கூடாது என்கிறார்கள்.

நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். இரண்டிலும் தீப்பொறி வரும். பெரியவரைக் கூப்பிடுங்கள். அவர் ரெகுலேட்டரை மூடட்டும். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு போனில் 1906 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். கேஸ் கசிவுக்கென்றே நாடு முழுவதும் இரவு பகலாக இயங்கும் அவசர எண் அது.

இனி நீங்கள்தான் ஆய்வாளர்

அடுப்பைத் தொடாமலே நீங்கள் சோதிக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. தீ நீலமாக இருக்கிறதா? பாத்திரத்தின் அடியில் கரி பிடித்திருக்கிறதா? ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா? 5 ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். சிலிண்டர் கழுத்தைச் சுற்றியுள்ள பட்டைகளில் ஒன்றின் உட்புறம், ஆங்கில எழுத்து ஒன்றும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஆங்கில அகரவரிசையில் முதல் எழுத்து என்றால் மார்ச், இரண்டாவது ஜூன், மூன்றாவது செப்டம்பர், நான்காவது டிசம்பர். இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அதற்குள் அந்த சிலிண்டரை மறுபடி சோதித்தாக வேண்டும். நாள் கடந்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக ஜன்னல். சாரல் காற்று நேரே அடித்தால் சிம்மில் வைத்த தீ அணைந்து, கேஸ் சத்தமில்லாமல் வெளியேறும். அதனால் அடுப்பை ஜன்னலுக்கு நேராக வைக்க வேண்டாம். காற்று அடிக்கும் கதவைச் சாத்தி, மறுகதவையும் மேலே உள்ள வென்டிலேட்டரையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடினார்களா என்று தினமும் இரவில் ஒரு தடவை கேளுங்கள். இன்றைக்கே ஒரு தாளில் 1906 என்று பெரிதாக எழுதி, எல்லார் கண்ணிலும் படும்படி அடுக்களைக் கதவுக்கு வெளியே ஒட்டி வையுங்கள்.