லண்டன் தெருவில் நம் காலனிப் பெண்

திண்டிவனத்தை அடுத்த ஒரு காலனியிலிருந்து இங்கிலாந்துக்கு மேற்படிப்புக்குப் போன மாணவி ஒருவர், விடுமுறையில் இரண்டு நாள் லண்டனைச் சுற்றிப் பார்த்துவிட்டு நமக்குப் போன் செய்தார். பெயர் போட வேண்டாம் என்று அவர் அம்மா கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற அந்த அம்மா மகளிடம் முதலில் கேட்டது இதைத்தான்: "தெருவுல நடந்து போறப்ப யாரும் ஒண்ணும் கேக்கலியாடி?"

ரயிலுக்குக் காசு அதிகம் என்று இரவு பஸ்ஸில் போயிருக்கிறார். சாப்பாடு ரொட்டியும் வாழைப்பழமும். டிக்கெட் வாங்க வேண்டிய இடங்களை வெளியே நின்று பார்த்தார். பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை என்பதால் அரை நாள் அங்கேயே போனது. அந்த மியூசியத்தில் அன்றிருந்த நூலகத்தில்தான் மாணவர் அம்பேத்கர் நாள் முழுக்க உட்கார்ந்து படித்தார்.

மறுநாள் சாக் ஃபார்ம் ஸ்டேஷனில் இறங்கி, கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டுக்கு நடந்தார். 1921-22இல் அம்பேத்கர் தங்கியிருந்த வீடு. சுவரில் வட்டமான நீலப் பலகை இருக்கிறது. முதல் முறை லண்டன் போன அம்பேத்கர், பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். மும்பையில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும் 1920இல் மறுபடி கப்பல் ஏறினார். ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்கு 1923இல் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு விலைக்கு வாங்கியது. குடியிருப்பை நினைவில்லமாக மாற்ற அனுமதியில்லை என்று அங்குள்ள உள்ளாட்சி மன்றம் மறுக்க, மேல்முறையீட்டுக்குப் பிறகு 2020 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. மாடி அறையில் நின்றபோது அழுகை வந்ததாகச் சொன்னார் மாணவி. எதற்கு என்று நாம் கேட்கவில்லை.

செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைக்கும் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தோம். வட்டமேசை மாநாடு நடந்த இடம் அது. அம்பேத்கரோடு அங்கே உட்கார்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் மதுராந்தகத்தைத் தாண்டிப் போகிறோமே, அந்தப் பக்கத்துக் கோழியாளம்தான் அவர் ஊர். அதற்கு வெகு காலம் முன்பே லண்டன் போகப் புறப்பட்டவர். போக முடியாமல் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். எந்தப் பொதுத் தெருவிலும் யாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். முதலில் கிளம்பியதற்குச் சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து, 1930இல் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

தீர்மானம் நிறைவேறி நூறு ஆண்டு ஆகிவிட்டது. நம் மாவட்டத்து மேல்பாதியில், 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம் பிள்ளைகள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். நம் மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அந்த அம்மாவின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று நம் பகுதி வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கேள்விக்கு மகள் சொன்ன பதில்: "ஒருத்தர் கேட்டாரும்மா." ஈஸ்ட் ஹாமில் இட்லி சாப்பிட ஒரு தமிழ்க் கடைக்குப் போயிருக்கிறார். பக்கத்து மேசைக்காரர் ஊர் கேட்டார். திண்டிவனம் பக்கம் என்றதும், எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று வரிசையாகக் கேட்டாராம். வெள்ளைக்காரர் யாருக்கும் தோன்றாத கேள்வி. காலனி என்று சொன்னதும் அவர் பேச்சு நின்றது. இட்லியை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன் அண்ணா என்றார். சாதிப் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டப்பிரிவு வேண்டும் என்று அங்குள்ள தலித் அமைப்புகள் நீண்ட காலம் போராடின. 2018இல் பிரிட்டன் அரசு அதைக் கைவிட்டுவிட்டது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். நம் மாணவி போனது அதில்தான். ஒன்றிய அரசின் உதவித்தொகையும் உண்டு. ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அது கிடையாது என்று 2022இல் விதி போட்டுவிட்டார்கள். 1916இல் நியூயார்க்கில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்த மாணவர் அம்பேத்கர், இன்று அதே தலைப்போடு விண்ணப்பித்தால் தள்ளுபடி ஆகியிருப்பார்.

மாணவியின் தம்பி இப்போது விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறான். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "துபாய்க்கு வேலைக்காப்பா?" என்று கேட்டாராம்.

"இல்ல சார், படிக்க" என்றானாம்.