உட்பையும் வெளிப்பையும்

தேயிலை மலையில் நிரை பிடித்து நிற்கும் பெண்ணொருத்தியை மனத்திற் கொள்வோம். முதுகிற் கொழுந்துக் கூடை, இடையிற் படங்கு. லயத்துக்கு இறங்கிச் செல்லக் கால் மணி நேரம் வேண்டும். எட்டாண்டுகளுக்கு முன் அவளுடைய பெருங்குடல் முழுவதும் அகற்றப்பட்டு, சிறுகுடலின் நுனியைக் கொண்டே உள்ளே ஒரு பை அமைக்கப்பட்டது. அந்தப் பையுடன் நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை வெளியே போய்வந்து, ஒருவாறு வேலையும் செய்து காலங் கழித்தாள். இப்போது பதினைந்து தடவையாயிற்று. இரவில் நான்கு முறை எழுந்து, மழையிலும் பனியிலும் மலசலகூடத்துக்கு நடக்கிறாள். எழுவதற்குள் துணி நனைந்துவிடும் இரவுகளும் உண்டு. பகலில் கொழுந்தின் நிறை குறைவதால் அரைப்பேர்தான் விழுகிறது. “உள்ளே இருக்கும் பை பயன்படாமற் போகிறது, வயிற்றிலே நிரந்தரமான வாய் வைத்துவிடலாமா என்று வீட்டாருடன் யோசித்துச் சொல்லுங்கள்” என்கிறார் வைத்தியர்.

இவள் கற்பனைப் பெண், கேள்வி கற்பனையன்று. ஹற்றனிலாயினும் இலண்டனிலாயினும் இந்தப் பையுடன் வாழ்வோரிற் சிலர் ஒருநாள் இதற்கு விடை கூறியே ஆகவேண்டும்.

இதற்கெல்லாம் மூலமாயிருப்பது பெருங்குடலின் உட்புறம் புண்பட்டு இரத்தமும் சீதமும் போகும் நெடுநாள் நோய். வைத்தியர்கள் அதனை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பர். ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே 2020ஆம் ஆண்டு பதவி விலகுவதாக அறிவித்தபோது காரணமாகக் கூறியது இந்நோயையே. நம் நாட்டில் இஃது அரிது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் நடத்தப்பெற்று 2010இல் வெளியான ஆய்வொன்று, இலட்சம் பேருக்கு ஐந்து பேர் வரையில் இந்நோயுடன் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே தோட்டத்திலே இந்நோய் கண்டவருக்கு, “உனக்கு எப்படி இருந்தது?” என்று கேட்க அயலில் ஓர் ஆள் கிடைப்பது அருமை. ஊர் வாயில் உலவும் அரைகுறைச் செய்திகளே மிஞ்சுகின்றன.

மருந்துக்கு அடங்காத நிலையிற் பெருங்குடலை எடுத்துவிடுவர். முற்காலத்தில் அதன்பின் சிறுகுடலின் முனையை வயிற்றுச் சுவரில் துளையிட்டு வெளியே விடுவது ஒன்றே வழியாக இருந்தது. அந்த வாய் தோலோடு தோலாக அமைந்திருந்தமையால், கழிவு பட்டுச் சுற்றுத்தோல் வெந்துபோகும். 1952இல் பிரையன் புரூக் என்ற ஆங்கிலேயச் சத்திரவைத்தியர், குடலின் முனையைச் சட்டைக் கை மடிப்பதுபோல் வெளிப்புறமாக மடித்துத் தைத்து, சிறு குழாய்முனை போல நீட்டி நிற்கச் செய்தார். கழிவு தோலிற் படாது நேரே பைக்குள் விழலாயிற்று. 1978இல் இலண்டனில் அலன் பார்க்ஸ், ஜோன் நிக்கொல்ஸ் இருவரும் குடலின் நுனியை மடித்து உள்ளேயே பையாக்கி ஆசனவாயுடன் இணைத்த முறையை வெளியிட்டனர். 1980இல் ஜப்பானியரான உட்சுனோமியா அதனை எளிதாக்கி, ஆங்கில ஜே எழுத்தைப் போன்ற ஒற்றை வளைவாக அமைத்தார். ‘ஜே பை’ என்ற பெயர் அதனால் வந்தது. களனிப் பல்கலைக்கழகத்துச் சத்திரவைத்தியர்கள் றாகமை வைத்தியசாலையில் இச்சிகிச்சையை நம் நாட்டவருக்கும் செய்து வந்துள்ளனர்.

உட்பை பெரும்பாலோருக்கு நன்கு உழைக்கிறது. நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரையில் நாளடைவில் அதனை இழக்கின்றனர். எனினும், பை கெட்டுவிட்டது என்ற தீர்ப்பை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளலாகாது. ‘ஏன் கெட்டது?’ என்பதே முதற் கேள்வி. பையின் உட்புறம் அழன்று சிவப்பது ஒரு காரணம்; பை வைத்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இதனை ஒருமுறையேனும் காண்கின்றனர். மெட்ரோனிடசோல் அல்லது சிப்ரொஃபுளொக்சசின் என்ற மாத்திரையை இரு வாரம் உட்கொண்டால் பெரும்பாலும் தணிந்துவிடும். பை ஆசனவாயைச் சேரும் இடத்தில் பழைய குடலின் சிறு விளிம்பு எஞ்சியிருந்து, அதிலே பழைய நோய் திரும்புவது மற்றொன்று. அதற்கு உள்ளே வைக்கும் மருந்து உண்டு. இணைப்பு சுருங்கிப்போய்ப் பை முழுதும் காலியாகாமல் அடிக்கடி போகவேண்டி வருவதும் உண்டு; அதனை விரித்துச் சரிசெய்யலாம். காய்ச்சாத ஓடை நீரைக் குடித்து வந்த சாதாரணத் தொற்றே பையின் குற்றமென்று எண்ணப்படுவதும் இயல்பு. உட்குழாய்ப் பரிசோதனை செய்து, தசைத்துணுக்கு எடுத்துப் பார்க்காமல் நிரந்தரமான முடிவுக்கு வருவது அவசரமாகும்.

இவை எதுவுமின்றி, இணைப்பிலே கசிவும் சீழும் தீராதிருத்தல், பையிலிருந்து புறத்தே புரை ஓடுதல், முதலிற் கருதிய நோயன்றிக் குரோன் நோயே என்று பின்னர் தெரியவருதல், எம்மருந்துக்கும் அழற்சி அடங்காமை ஆகியன காணப்படின், பையைக் காப்பாற்றுவது கடினம்.

அப்போது மூன்று வழிகள் உள. பழைய பையை எடுத்துப் புதுப்பை அமைப்பது ஒன்று. மிகுந்த அனுபவமுடைய கைகளே இதைச் செய்யத்தக்கன. தவறினால் சிறுகுடலில் இன்னும் ஒரு பகுதி இழப்பாகும். இரண்டாவது, உட்பையை அப்படியே விட்டு, அதற்கு மேலே குடலை வயிற்றுக்குத் திருப்பி வாய் வைப்பது. மூன்றாவது, உட்பையை அடியோடு அகற்றி நிரந்தர வாய் வைப்பது. இது பெரிய சத்திரசிகிச்சை. இடுப்பினுள் ஓடும் நரம்புகள் சேதப்பட்டால் சிறுநீர் கழிப்பதிலும் இல்லறவாழ்விலும் குறை நேரலாம். ஆசனவாய் இருந்த இடத்துப் புண் ஆற மாதக்கணக்காவதும் உண்டு. அகற்றியதை மீண்டும் வைக்க முடியாது.

தயங்குவோருக்கு இரண்டாவது வழி பெரும் உதவியாகும். ஆறு மாதமோ ஓராண்டோ வெளிப்பையுடன் வாழ்ந்து பார்த்து, பின்னர் முடிவு செய்யலாம். பிள்ளை பெற விரும்பும் இளம்பெண்ணுக்கு இடுப்பினுள்ளே மேலும் கத்தி படாமல் தள்ளிப்போடவும் இதுவே இடந்தருகிறது. வயிற்றில் வாய் இருப்பது கருத்தரிப்பதற்கோ குழந்தை பெறுவதற்கோ தடையன்று. ஆனால் விட்டுவைத்த பையிலிருந்து சளி கசியும், சிலருக்கு இரத்தமும் வரும். காலந்தோறும் உட்குழாயிட்டுப் பார்த்தும் வரவேண்டும். புற்றுக்கு முந்திய மாறுதல் கண்டால் அல்லது உள்ளே சீழ் பிடித்தால் தாமதத்துக்கு இடமில்லை.

முடிவு செய்யப் புகுவோரிற் பலர் ஒரு தவறு செய்கின்றனர். வயிற்றில் வாயோடு வாழும் வாழ்வை, நோயே காணாத பழைய வாழ்வோடு ஒப்பிடுகின்றனர். ஒப்பிடவேண்டியது நேற்றைய நாளோடு. இரு வாரத்துக்கு ஒரு கொப்பியிற் குறித்து வந்தாற் போதும்: எத்தனை தடவை போனது, எத்தனை மணி நேரம் தூங்கியது, எத்தனை நாள் பேர் விழுந்தது, எந்தக் கலியாணத்துக்கு, எந்தத் திருவிழாவுக்குப் போகாமல் நின்றது. வைத்தியரிடம் அதைக் கொடுத்தால் அரை மணி நேரப் பேச்சிலும் வெளிவராதது வெளிவரும். ‘பை’ என்றதும் முகஞ்சுளிப்போர், உள்ளே இருந்து உறக்கத்தைக் கெடுப்பதும் ஒரு பைதான் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இனி வெளிப்பையோடு மலையில் வாழ்வது எப்படி? வாய் சிவந்து ஈரமாக இருக்கும், தொட்டால் நோகாது. பையை நாளுக்கு நாலைந்து முறை காலி செய்து, மூன்று நான்கு நாளைக்கொருமுறை மாற்றவேண்டும். அவசரம் என்பது போய்விடும். நிரை முடியும்வரை நிற்கலாம். முதல் இரண்டு மாதத்தில் வாய் சுருங்குமாதலால் அளந்து வெட்டும் துளையையும் சிறிதாக்கவேண்டும். இல்லாவிடிற் தோல் வேகும். சரியாக ஒட்டிய பையிலிருந்து வாடை வராது. கோயிலுக்குப் போகக் கூசவேண்டியதில்லை. பைகள் எங்கே, எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். வயிற்றுச் சுவர் உறுதிப்படும்வரை, ஏறத்தாழ மூன்று மாதம், கூடை சுமக்கலாகாது. இல்லையேல் வாயைச் சுற்றிக் குடல் பிதுங்கும். ஆதலின் இலகு வேலைக்கான வைத்தியக் கடிதத்தை வாங்கித் தோட்டத்துரையிடம் கொடுத்துவிடுவது நல்லது.

உப்பையும் நீரையும் மீட்டெடுக்கும் பெருங்குடல் இல்லாமையால் இரண்டும் வீணாகும். வெறுந்தேநீர் மட்டும் போதாது. உப்பிட்ட கஞ்சியும், மிகுதியாகப் போகும் நாளில் ஜீவனிக் கரைசலும் வேண்டும். நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வெளியேறினால் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். பலாக்காய், காளான், தேங்காய்ச் சொட்டு ஆகியவற்றை நன்றாக மெல்லாமல் விழுங்கினால் வாய் அடைபடும். சில மணி நேரமாக ஒன்றுமே வராமல் வயிறு முறுக்கி வாந்தியும் வந்தால், விடியட்டும் என்று லயத்திற் காத்திருத்தல் ஆகாது.

வாய் எங்கே அமையவேண்டும் என்பதை மையாற் குறிப்பது சத்திரசிகிச்சைக்கு முன்னர். வழக்கமாகத் தொப்புளுக்குக் கீழே வலப்புறம். நகரத்து வைத்தியர் பாவாடையின் நாடாவை நினைப்பார். படங்கின் கயிற்றை நினைக்கமாட்டார். ஆகையால் வைத்தியசாலைக்குப் போகும்போது அந்தப் படங்கையும் எடுத்துச் செல்லவேண்டும். அதைக் கட்டிக்கொண்டு நின்றும், அடுப்படியில் அமர்வதுபோற் குந்தியும், கூடை சுமப்பதுபோற் குனிந்தும் காட்டவேண்டும். கயிறு படும் இடத்திலே புள்ளி விழுந்திருந்தால் அப்போதே சொல்லிவிடலாம். மை அழியும், இரண்டு விரல் தள்ளி வேறு புள்ளி வைப்பார்கள்.