நுரைக்காத போத்தல்

கந்தளாயிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வயலில் மண்வெட்டி பட்டு மகனின் கால்விரல் கிழிந்துவிட்டதாம். யன்னலோரம் இருந்த ஐதரசன் பேரொட்சைட்டை எடுத்து ஊற்றினால், போன வருடம் முழங்காலில் பொங்கிய நுரை இம்முறை வரவேயில்லை. இரத்தம் சிவப்பாக ஓடிக்கொண்டே இருந்ததாம். “மருந்து பழுதா, பிள்ளையின் இரத்தத்தில் ஏதும் குறையா?” என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்வியை அநாவசியப் பயம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. 1946இல் யப்பானில் தக்கஹாரா என்ற வைத்தியருக்கு இதே சந்தேகம் வந்தது. வாய்க்குள் அழுகிய புண்ணோடு வந்த சிறுமி ஒருத்திக்குச் சத்திரசிகிச்சை செய்துவிட்டு, புண்ணில் பேரொட்சைட்டை ஊற்றினார். நுரை வரவில்லை. இரத்தம் கபிலக் கறுப்பாக மாறியது. நம் எல்லோருடைய இரத்தத்திலும் கற்றலேசு என்றொரு நொதியம் இருக்கிறது. பேரொட்சைட்டைத் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் உடைப்பது அதன் வேலை. ஒரே ஒரு கற்றலேசு மூலக்கூறு செக்கனுக்குப் பல இலட்சம் பேரொட்சைட்டு மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளிவிடும். அந்தச் சிறுமியின் இரத்தத்தில் அது இல்லை. ஊற்றியது உடையாமல் நின்று இரத்தத்தையே கறுக்க வைத்துவிட்டது. பிறப்பிலேயே வரும் அந்தக் குறை உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான்.

உங்கள் மகனுக்குப் போன வருடம் நுரைத்தது, இம்முறை இரத்தமும் கறுக்கவில்லை. ஆகவே குறை போத்தலில்தான். உறுதி செய்ய ஒரு உருளைக்கிழங்கைப் பச்சையாக வெட்டி, வெட்டிய முகத்தில் நாலு துளி விடுங்கள். கிழங்கிலும் கற்றலேசு உண்டு. மருந்து உயிரோடிருந்தால் சீறிக்கொண்டு நுரைக்கும். அவித்த கிழங்கு நுரைக்காது, சூட்டில் நொதியம் செத்துவிடும்.

போத்தல் ஏன் செத்தது என்பதற்கும் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பாமசிக்காரர் கபில நிறப் போத்தலில் தந்ததை, மூடி உடைந்ததென்று வெள்ளைச் சோடாப் போத்தலுக்கு மாற்றியிருக்கிறீர்கள். வெளிச்சமும் சூடும் பட்டால் பேரொட்சைட்டு தானாகவே உடையும். மிஞ்சுவது வெறும் தண்ணீர். பாமசியில் கிடைக்கும் மூன்று வீதக் கரைசல் ஒரு லீற்றரில் ஏறக்குறைய பத்து லீற்றர் ஒட்சிசன் அடங்கியிருக்கிறது. அது வெளியேற வழி வேண்டும். குளக்கட்டின் கீழ் வாழ்பவர்களுக்கு வான் எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்துப் போத்தலின் சொந்த மூடியும் அப்படி ஒன்றுதான். பஞ்சைப் போத்தலுக்குள் தோய்க்காதீர்கள், ஊற்றி மிஞ்சியதைத் திருப்பி விடாதீர்கள். துளி அழுக்கு, துளி துரு போதும், உடைவு தொடங்கிவிடும். வீட்டுப் போத்தலில் இதனால் மருந்துதான் வீணாகும். கடும் செறிவில் நிலைமை வேறு. 2000 ஆகஸ்ட் 12இல் ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பலில் டோப்பிடோ ஒன்றில் கசிந்தது இதே பேரொட்சைட்டுத்தான். 118 பேர் மாண்டார்கள். முப்பது வீதம், முப்பத்தைந்து வீதம் என்று யாராவது மலிவாகத் தந்தால் வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். தோலைச் சுட்டுவிடும்.

சோடாப் போத்தலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வயலுக்கு அடிக்கும் நஞ்சையும் மண்ணெண்ணெயையும் குடிக்கிற போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் போகவில்லை. வெயிலில் ஓடிவரும் பிள்ளை லேபலைத் தேடிப் படித்துவிட்டா வாயில் வைக்கும்? தயவுசெய்து அந்தப் போத்தலை இன்றே கழுவி எறிந்துவிடுங்கள்.

புதிதாக வாங்கினால் வேலை நிறைய இருக்கிறது. வெள்ளைப் பள்ளிச் சட்டையின் இரத்தக்கறையில் விட்டு, குளிர்ந்த நீரில் அலசுங்கள். சுடுநீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். நிறத்துணியை வெளுத்துவிடும், கவனம். மீன் வெட்டும் பலகையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியபின் இதை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு அலசலாம். வினாகிரியோடோ வெளுக்கும் திரவத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள்.

ஆனால் காயத்துக்கு வேண்டாம். நுரையைப் பார்த்ததும் கிருமி சாகிறதென்று நமக்கொரு திருப்தி வரும். அது கிருமியோடு, காயத்தை மூட வரும் புதுக் கலங்களையும் சேர்த்தே அரிக்கிறது. ஓடும் தண்ணீரும் சவர்க்காரமும் போதும்.

மகனுக்கு ஏற்பு ஊசி போட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. மண்வெட்டி சேற்றில் கிடந்ததென்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் போடவில்லையென்றால், இதைப் படித்த கையோடு கந்தளாய் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.